அடுப்பை விட்டு இறங்கிய பிறகு

பார்பிக்யூ உணவகத்தில் சாப்பிட்டு ஏமாந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நெருப்பின் மேல்தான் பழி போடுவார்கள். விறகு சரியில்லை, எரிவாயுவில் வேகவைத்துவிட்டார்கள், மசாலா ஏறவில்லை, சமைத்தவருக்குக் கைப்பக்குவம் இல்லை என்று காரணங்கள் வரும். சில கடைகளில் இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இறைச்சிக்குள் நடக்கும் வேதியியலையும் கடை நடத்துவதன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் பழியின் பெரும்பங்கு வேறிடத்தில் போய் விழுகிறது. நன்றாக வெந்த இறைச்சி, அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்துக்கும் சாப்பிடுகிறவர் வாயில் வைக்கும் நேரத்துக்கும் நடுவே கெட்டுப்போகிறது. கெடுவது என்றால் நோய் வரும்படி கெடுவது என்ற பொருளில் சொல்லவில்லை. சுவையும் பதமும் கெடுவதையே சொல்கிறேன். ஒரு விலங்கின் உயிர், ஓர் இரவு முழுக்க எரிந்த விறகு, விழித்திருந்து தீயைக் காத்தவரின் உழைப்பு எல்லாம் கடைசிச் சில மணிகளில் வீணாவது வருந்தத்தக்க விஷயம். அது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை விளக்க முடியும்.

டெக்சஸ் மாநிலத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்டின் நகரமும் அதைச் சுற்றியுள்ள லாக்ஹார்ட், டெய்லர், லெக்சிங்டன் போன்ற சிற்றூர்களும் இந்தச் சமையலுக்குப் பேர்பெற்றவை. சாப்பாட்டு மேசையில் தணல் வைத்துக் கம்பியில் குத்திய துண்டுகளைச் சுட்டுத் தரும் வழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே இறைச்சி நேரடித் தணலைத் தொடுவதில்லை. ஒரு புறம் விறகு எரிய, அதன் சூடான புகை நீண்ட இரும்புக் கூட்டின் வழியாக ஓட, அந்த ஓட்டத்தில் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இறைச்சி பத்து, பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ கிடக்கும். முக்கியமான வெட்டு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. உடலின் முன்பாரத்தை நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. நாள் முழுக்கச் சுமை தாங்கும் தசையில் இணைப்புத் திசு கூடுதலாக இருக்கும். அந்தத் திசுவின் முக்கியப் புரதம் கொலாஜன். பச்சையாக இருக்கும்போது அது கயிறுபோல் முறுக்கிய மூவிழைக் கட்டு. அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக உருகினால்தான் நெஞ்சுக்கறியை மெல்ல முடியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தசைநார்களில் உள்ள மயோசின் 50 டிகிரியை ஒட்டியே உருக்குலையத் தொடங்குகிறது. ஆக்டின் 65 டிகிரியைத் தாண்டியதும் உருக்குலைகிறது. இரண்டும் சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. கொலாஜனோ 60 டிகிரிக்கு மேல் முதலில் சுருங்கி இன்னும் கொஞ்சம் நீரைப் பிழிந்துவிட்டு, அதன் பிறகே, 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்திருந்தால்தான், கணிசமாக ஜெலட்டினாகிறது. ஆகவே பிரிஸ்கெட் மென்மையாகும் முன்பே வறண்டுவிடுகிறது. உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போது நாம் அதை ஈரமானது என்று உணர்வது, இழந்த நீருக்கு ஈடாக உருகிய ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நார்களுக்கிடையே வழுவழுப்பாக நிற்பதால்தான். பிரிஸ்கெட்டின் ஈரம் என்பது பாதிக்கு மேல் ஜெலட்டினின் பெருந்தன்மை என்றே சொல்லலாம். சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரியாமல் தலைகீழாகத் தீர்ப்புச் சொல்வதுண்டு. இழுத்து மெல்ல வேண்டிய வறண்ட துண்டு வந்தால், அளவுக்கு மீறி வேகவைத்துவிட்டார்கள் என்பார்கள். பல நேரம் அது வேகாத துண்டு. கொலாஜன் உருகும் முன் இறக்கப்பட்டது. மீறி வெந்த துண்டு இழுபடாது. விரல் பட்டதும் உதிரும்.

வெந்து முடியும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. உள்வெப்பம் 65, 70 டிகிரி அளவுக்கு ஏறியதும் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிடும். அங்குள்ள சமையல்காரர்கள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். கொலாஜன் உருகுவதற்கு வெப்பம் செலவாகிறது என்றும், கொழுப்பு உருகுவதே காரணம் என்றும் நெடுநாள் நம்பப்பட்டது. கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இறைச்சியே இல்லாமல் இதைச் சோதித்துக் காட்டினார். நீரில் ஊறிய பஞ்சையும் வெறும் கொழுப்புக் கட்டியையும் சூட்டில் வைத்தார். பஞ்சின் வெப்பம் இறைச்சியைப் போலவே நின்றுவிட்டது. கொழுப்பின் வெப்பம் நிற்காமல் ஏறியது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே இயற்பியல்தான்: மேற்பரப்பில் ஆவியாகும் நீர், உள்ளே வரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும்; அதே நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் செலவாவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அன்றைய காற்றின் ஈரப்பதம், அடுப்புக்குள் காற்றோட்டம், துண்டின் பருமன், கொழுப்பின் பரவல் எல்லாம் இந்தத் தேக்கத்தின் நீளத்தை மாற்றும். ஒரே நேரத்தில் ஏற்றிய இரண்டு பிரிஸ்கெட்டுகள் வெவ்வேறு நேரத்தில் பதத்துக்கு வருவது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

இதை ஓர் உணவகத்தின் கண்ணால் பாருங்கள். தோசையை, ஆர்டர் வந்த பிறகு ஊற்றலாம். பிரிஸ்கெட்டை முடியாது. நாளை மதியம் எத்தனை பேர் வருவார்கள், இரவு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்று மாலையே ஊகித்து, ஐந்து முதல் ஏழு கிலோ எடையுள்ள கண்டங்களை அடுப்பில் ஏற்றியாக வேண்டும். கொழுப்பைச் சீவி, நீரும் நெய்யும் வடிந்த பிறகு மிஞ்சுவது ஏறத்தாழப் பாதி எடை. ஊகம் பிசகினால் நட்டம் சிறிதல்ல. பொருளாதாரக் கணிதத்தில் இதற்குச் செய்தித்தாள் விற்பவரின் சிக்கல் என்று பெயர்: தேவை எவ்வளவு என்று தெரியும் முன்பே எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டிய நிலை. குறைவாக வாங்கினால் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடுதலாக வாங்கினால் மிச்சம் வீண். ஆனால் நேற்றைய செய்தித்தாளை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். நேற்றைய பிரிஸ்கெட்டையோ சூடாக்கி விற்றுவிடலாம். ஆகவே கூடுதலாகச் சமைப்பதன் தண்டனை கடைக்காரரின் கல்லாவிலிருந்து சாப்பிடுகிறவரின் தட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. ஏமாற்றத்தின் ஊற்று இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. பகல் பதினொன்று முதல் இரவு பத்து வரை, பட்டியலில் உள்ள எல்லாம் எப்போதும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்ட கடைக்கு வேறு வழியில்லை.

இந்தச் சமையல் அப்படி ஒரு வாக்குறுதிக்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது முதலில் கூட்டச் சாப்பாடு. தரையில் நீளக் குழி வெட்டி, தணல் பரப்பி, இரவெல்லாம் வேகவைத்து, ஊரே ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்பார்கள். அந்தக் குழிகளருகே நின்று உழைத்தவர்களில் மிகப் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். இந்தக் கலையின் பெரும்பகுதி அவர்கள் கையில் வளர்ந்தது. பின்னர் நடு டெக்சஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளில் வேறொரு வடிவம் வந்தது. விற்காமல் தங்கும் கறியைப் புகையில் வேகவைத்து, தாளில் வைத்து, எடை போட்டு விற்றார்கள். லாக்ஹார்ட்டில் 1900இல் தொடங்கிய கிரொய்ட்ஸ் மார்க்கெட் அந்த மரபைச் சேர்ந்தது. இரண்டு வடிவங்களிலும் ஒன்று பொதுவானது: வெந்ததும் உண்டார்கள், தீர்ந்ததும் கலைந்தார்கள். இன்று பெரிதும் கொண்டாடப்படும் சில கடைகளும் அந்தக் கால ஒழுங்கையே கடைப்பிடிக்கின்றன. லெக்சிங்டனில் உள்ள ஸ்னோஸ் பார்பிக்யூ சனிக்கிழமை காலையில் மட்டும் திறக்கும். 2008இல் ‘டெக்சஸ் மன்த்லி’ இதழ் அதை மாநிலத்திலேயே முதலிடத்தில் வைத்தது. ஆஸ்டினில் 2009இல் ஒரு வண்டியில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ, காலையில் திறந்து, கறி தீர்ந்ததும் மூடிவிடும். இவர்களின் புகழுக்கு விறகும் திறமையும் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தீர்ந்ததும் மூடுவதும் அதே அளவு காரணம் என்பதைக் குறைவாகவே எழுதுகிறார்கள்.

தாமதம் இறைச்சிக்கு என்ன செய்கிறது? முதலில் வெட்டுதல். முழுக் கண்டமாக இருக்கும்வரை ஜெலட்டினும் கொழுப்பும் உள்ளே அடைபட்டிருக்கும். நார்களுக்குக் குறுக்கே பென்சில் பருமனுக்கு நறுக்கியதும் பரப்பளவு பல மடங்காகிறது. சூடான துண்டின் மேலிருந்து நீர் கண்ணெதிரே ஆவியாகும். சில நிமிடங்களில் ஓரங்கள் கறுத்துச் சுருளும். கூட்ட நேரத்தைச் சமாளிக்க முன்கூட்டியே நறுக்கி, சுடுநீர்த் தொட்டியின் மேல் பதித்த எஃகுத் தட்டுகளில் அடுக்கி வைக்கும் கடைகளில் இந்தச் சேதம் ஒவ்வொரு துண்டிலும் நடக்கிறது. அடுத்தது ஆறுதல். மாட்டுக்கொழுப்பு 40 டிகிரிக்குச் சற்று மேலும் கீழுமாகவே இறுகத் தொடங்கும். குளிரூட்டிய அறையில், குளிர்ந்த தட்டில் வைத்த மெல்லிய துண்டு அந்த எல்லைக்கு விரைவாக இறங்கிவிடும். அப்போது நாக்கில் ஒட்டுவது மெழுகு போன்ற படலம். அதே கொழுப்பு சில நிமிடங்களுக்கு முன் நெய்யாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது, குளிர்பெட்டி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதிகளின்படி, சமைத்த இறைச்சியைச் சூடாக வைப்பதென்றால் 57 டிகிரிக்குக் குறையக் கூடாது. குளிரவைப்பதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். மறுபடி சூடாக வைத்து விற்க 74 டிகிரி வரை ஏற்ற வேண்டும். இவை உயிர் காக்கும் விதிகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சுற்றைக் கடந்து வரும் இறைச்சியின் மணம் மாறிவிடுகிறது. சமைத்த இறைச்சியைக் குளிரில் வைத்து மறுபடி சூடாக்கினால் ஒரு சிக்கு வாடை வருவதை டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958இல் விவரித்தார்கள். அதன் வேதியியல் இப்போது தெளிவு. சூட்டில் மயோகுளோபின் சிதைந்து அதற்குள் இருந்த இரும்பு விடுபடுகிறது. உயிரணுச் சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடுகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்புகள். இரும்பு அந்த வினையைத் தூண்டிவிட, ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகள் உருவாகின்றன. பழைய அட்டைப்பெட்டி வாடை என்று மக்கள் சொல்வது இதைத்தான். சிவப்பு இறைச்சியில் இரும்பு கூடுதல் என்பதால் மாட்டிறைச்சியில் இது விரைவாகத் தெரியும். புகையில் உள்ள ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமே என்று கேட்கலாம். தடுக்கும், ஆனால் அவை மேற்பரப்பை ஒட்டியே தங்கிவிடுகின்றன. நடுத்துண்டுக்கு அந்தக் காவல் இல்லை. இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று பாஸ்ட்ராமி. அதுவும் மாட்டின் முன்பகுதிக் கறிதான், புகையூட்டியதுதான். ஆனால் நைட்ரைட் உப்பில் ஊறியது. நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுவதால், மறுபடி ஆவியில் சூடாக்கினாலும் பாஸ்ட்ராமியில் அந்த வாடை எழுவதில்லை. கைப்பக்குவமும் விறகுமே எல்லாம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

இனி விறகுக் கட்சியின் வாதத்துக்கு வருவோம். எரிவாயுவில் சுடரெழுப்பி, ஒப்புக்கு ஒரு கட்டை விறகு சேர்க்கும் அடுப்புகளே சீரழிவுக்குக் காரணம் என்பது அவர்கள் நிலை. ஒரு பகுதி சரி. விறகின் லிக்னின் உடையும்போது வரும் குவையகால், சிரிங்கால் ஆகியவையே புகைமணத்தின் உயிர். நன்றாக எரியும் ஓக் விறகின் மெல்லிய நீலப் புகையில் அவை இனிமையாக அமையும். மூச்சுத் திணறி எரியும் விறகின் அடர்ந்த வெள்ளைப் புகை கசப்பை ஏற்றும். எரிவாயு அடுப்பில் காற்றோட்டம் குறைவு, ஈரப்பதம் கூடுதல். மேலே கறுத்து இறுகும் பட்டை அங்கே சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் இவையெல்லாம் மணம் மங்கிய, பட்டை மெலிந்த இறைச்சியையே விளக்கும். வறட்சியையும் மெழுகுக் கொழுப்பையும் சிக்கு வாடையையும் விளக்காது. அருமையான விறகில் வெந்த பிரிஸ்கெட்டும் குளிர்பெட்டியில் ஓரிரவு கிடந்தால் அந்த மூன்றையும் அடையும். இன்னொன்று: துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்து விறகுச் சமையல் என்று மகிழ்பவர்கள் உண்டு. அது எரியும்போது எழும் வாயுக்களில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் மட்டுமே. சுவை ஏதும் அதில் இல்லை. நைட்ரைட் உப்பைத் தடவியும் வரவழைக்கலாம். கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் நடுவர்கள் அந்த வளையத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மற்றொரு மறுப்பு உளவியலிலிருந்து வருகிறது. ஏமாற்றம் என்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி. புகழ், விலை, நெடுந்தூரப் பயணம் எல்லாம் எதிர்பார்ப்பை ஏற்றிவிட, எந்தக் கறியும் தோற்கத்தானே செய்யும் என்பது அது. இதை நான் ஒதுக்கவில்லை. எதிர்த்திசையிலும் அது வேலை செய்கிறது: லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் முன்வைத்த கருத்தின்படி, நாம் பாடுபட்டு அடைந்ததை உயர்வாக மதிக்க மனம் சாய்கிறது. மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் தரும் புகழ்மாலையில் இதற்குப் பங்கு இருக்கும். ஆனால் இந்த வாதம் எல்லாக் கடைக்கும் எல்லா வேளைக்கும் ஒரே மாதிரி பொருந்தும். மதியத்துக்கும் இரவுக்கும், முழுக் கண்டத்துக்கும் நறுக்கி வைத்ததற்கும், புதியதற்கும் சூடாக்கியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஹெக்ஸனாலின் அளவை வாயு நிறப்பிரிகைக் கருவி சொல்கிறது. கருவிக்கு எதிர்பார்ப்பு கிடையாது.

என் வாதத்துக்கு மிகக் கடுமையான சவால் பார்பிக்யூ தொழிலுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. இன்று டெக்சஸின் மிக நல்ல கடைகள் பலவற்றில் பிரிஸ்கெட் அடுப்பிலிருந்து நேராக வெட்டுப்பலகைக்கு வருவதில்லை. தாளில் சுற்றி, 60 முதல் 65 டிகிரி வரை நிலையாக வைத்திருக்கும் பெட்டியில் ஓர் இரவு முழுக்கவும் வைத்து, மறுநாள் மதியம் வெட்டுகிறார்கள். உடனே வெட்டியதைவிட இது மேலானது என்று அவர்கள் சொல்வதும் சரியே. அப்படியானால் தாமதம் எப்படிக் குற்றவாளி? நான் இதை மறுப்பாக எண்ணவில்லை. வாதத்தைக் கூர்மையாக்கும் சான்றாகவே எண்ணுகிறேன். அந்தப் பெட்டியில் கண்டம் முழுதாக இருக்கிறது. சுற்றியிருப்பதால் ஆவியாதல் குறைவு. வெப்பம், நார்கள் மேலும் சுருங்கும் அளவுக்கு ஏறுவதும் இல்லை, கொழுப்பு இறுகும் அளவுக்கு இறங்குவதும் இல்லை. உருகிய ஜெலட்டின் சற்றுக் கெட்டியாகி நார்களுக்கிடையே தங்கிவிடுவதால் வெட்டும்போது சாறு பலகையில் ஓடுவதில்லை. கிருமிகளுக்கு எதிரான 57 டிகிரி எல்லையும் காக்கப்படுகிறது. குளிர்பெட்டிக்குப் போகாததால் நாள்கணக்கில் சிக்கு முதிர வாய்ப்பும் இல்லை. அதாவது அந்தக் கடைகள் அடுப்பை விட்டு இறங்கிய பிறகான மணிகளையும் சமையலாகவே நடத்துகின்றன. விலையும் கொடுக்கின்றன: சுற்றிய தாளுக்குள் பட்டையின் மொறுமொறுப்பு தளர்கிறது. தளராமல் காக்க ஒவ்வொரு கடையும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. முழு வெற்றி கண்டவர் யாருமில்லை.

அந்தப் பெட்டி எல்லா இறைச்சிக்கும் உதவாது என்பதில்தான் நீண்ட உணவுப்பட்டியல்கள் தடுக்கி விழுகின்றன. கோழி நெஞ்சில் கொலாஜன் மிகக் குறைவு. காத்திருப்பதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை, தோல் ரப்பராவது மட்டுமே மிச்சம். பன்றி விலாவுக்கு நல்ல பதத்தில் நிற்கும் நேரம் குறைவு. தாண்டினால் எலும்பு தானாகக் கழன்றுவிடும். பன்றித் தோள்கறி பொறுமையானது. அதில் கொழுப்பும் கொலாஜனும் எங்கும் பரவியிருக்கின்றன, பிய்த்துக் கலக்கும்போது ஈரமான பகுதி வறண்ட பகுதியை ஈடுசெய்கிறது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியை வேகவைத்துக் கொத்தி, வினிகரும் மிளகாயும் சேர்த்துப் பரிமாறும் கடைகள் நாள் முழுக்க ஓரளவு சீராகத் தருவது இதனால்தான். தொத்திறைச்சி இன்னும் உறுதி: உப்புச் சேர்த்துப் பிசையும்போது கரையும் மயோசின் நீரையும் கொழுப்பையும் வலைபோல் பிடித்துக்கொள்கிறது, உறை ஆவியாதலைத் தடுக்கிறது, நைட்ரைட் சேர்த்திருந்தால் சிக்கும் வராது. பிரிஸ்கெட்டுக்குள்ளேயே இரண்டு தசைகள் உண்டு. மெலிந்த கீழ்த்தசை முதலில் வறளும், கொழுப்போடிய மேல்தசை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே இரவு எட்டு மணிக்குப் பெயர் தெரியாத ஒரு கடையில் நுழைகிறவர், கண்ணெதிரே முழுக் கண்டத்திலிருந்து வெட்டித் தருகிறார்களா என்று பார்த்து, வெட்டித் தந்தால் கொழுப்புள்ள பக்கத்தைக் கேட்கலாம். நறுக்கித் தட்டில் அடுக்கியிருந்தால் பிரிஸ்கெட்டை விட்டுவிட்டுத் தொத்திறைச்சியோ பிய்த்த பன்றிக்கறியோ வாங்கிக்கொள்ளலாம். பிரிஸ்கெட் தீர்ந்துவிட்டது என்று பலகை தொங்கினால், அந்தக் கடைக்கு மறுநாள் மதியம் வரலாம்.